அண்டை ஊர்களை நடந்தே இணைக்கும் வழிகள்: எந்தெந்த ஊர்களுக்கிடையே, எப்படி வரைவது?

மைல்கல் (கேள்வி)

வணக்கம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, எங்கள் சுற்றுவட்டாரத்தில் உள்ள 20 ஊர்களை நடந்தே சென்றடையும்படி இணைக்கும் வழிகளின் வரைபடம் ஒன்றை உருவாக்க முயன்று வருகிறோம். மலையேற்றப் பாதையோ சுற்றுலாப் பாதையோ எங்கள் நோக்கமன்று. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக வேண்டிய ஒருவர், வண்டி எதையும் நாடாமல், அச்சமின்றி நடந்து சேரத்தக்க வழிதான் வேண்டும்.

வேலையைத் தொடங்கியதுமே மூன்று சிக்கல்களில் மாட்டிக்கொண்டோம். முதலாவது, ஒவ்வோர் ஊரையும் மற்ற எல்லா ஊர்களோடும் இணைத்தால் 190 கோடுகள் வருகின்றன. படம் நூல்கண்டு சிக்கியதுபோல ஆகிவிடுகிறது. எவை அண்டை ஊர்கள், எவை அல்ல என்று எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்வது? இரண்டாவது, கைபேசிச் செயலியிடம் நடைவழி கேட்டால் பெரும்பாலும் நடைபாதையே இல்லாத நெடுஞ்சாலையைக் காட்டுகிறது. அதை விட்டால் திரையில் மட்டுமே இருக்கும் பாதையைக் காட்டுகிறது. எங்கள் முதல் சோதனை நடையில், 14 கிலோமீட்டர் வழியில் 9ஆவது கிலோமீட்டரில் பூட்டிய இரும்புக் கதவு குறுக்கே நின்றது. திரும்பி நடந்து நெடுஞ்சாலையைப் பிடித்து ஊர் சேர இருட்டிவிட்டது. மூன்றாவது, நேரக் கணக்கு. அதே வழிக்கு எங்களில் ஒருவர் 3 மணி நேரம் என்கிறார், இன்னொருவர் 5 மணி நேரம் என்கிறார், இருவரும் நடந்தவர்கள்தாம். இத்தகைய வேலையில் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையோம்.

முக்கோணம்

உங்கள் முதல் கேள்விக்குக் கணக்கு ஏற்கெனவே ஒரு விடை வைத்திருக்கிறது. ஊர்களைப் புள்ளிகளாகக் குறித்து, எந்த முக்கோணத்தின் மூன்று முனைகளைத் தொட்டு வட்டம் வரைந்தாலும் அதற்குள் வேறோர் ஊர் விழாதபடி பரப்பு முழுவதையும் முக்கோணங்களாகப் பிரிப்பதற்கு டெலோனே முக்கோணப் பகுப்பு என்று பெயர். 20 புள்ளிகளுக்கு இதில் அதிகபட்சம் 54 கோடுகளே வரும். அதாவது 190இல் ஏறத்தாழ முக்கால் பங்கு முதல் சல்லடையிலேயே உதிர்ந்துவிடும். கட்டணமில்லாத கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இதற்கான கருவி இருக்கிறது.

ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பரப்பின் ஓரங்களில் இந்த முறை ஒல்லியான, நீண்ட முக்கோணங்களை உண்டாக்கி, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு ஓர ஊர்களை இணைத்துக் காட்டும். ஆகவே இரண்டாவது சல்லடையாக, 1969இல் கேப்ரியல், சோக்கல் என்ற இருவர் முன்வைத்த சோதனையைப் பயன்படுத்துங்கள்: இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள நேர்கோட்டை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரையுங்கள், அதற்குள் மூன்றாவது ஊர் ஒன்று இருந்தால், அந்த ஊர் வழியாகவே போகலாம் என்பதால் இக்கோடு தேவையில்லை. நடப்பவரின் மனமும் ஏறக்குறைய இப்படித்தான் கணக்குப் போடுகிறது என்பது என் அனுபவம்.

இதற்குப் பிறகு வருவது கணக்குக்கு எட்டாத வேலை. வட்டத்துக்கு ஆறு தெரியாது, இருப்புப்பாதை தெரியாது. பாலமில்லாத ஆற்றின் இரு கரைகளில் 2 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஊர்கள் நடப்பவருக்கு அண்டை ஊர்கள் அல்ல. எனவே மிஞ்சிய கோடுகள் ஆற்றையும் தண்டவாளத்தையும் எங்கே கடக்கின்றன என்று முதலில் பாருங்கள்; கடக்கும் இடம் உறுதியானால் வழியில் பாதி தானாகவே அமைந்துவிடும்.

முன்மாதிரி வேண்டுமானால், பிரிட்டனில் 2020இல் தொடங்கிய ஸ்லோ வேய்ஸ் திட்டத்தைப் பாருங்கள். பொதுமுடக்கக் காலத்தில் ஏறத்தாழ 700 தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே, ஊருக்கும் ஊருக்கும் இடையே 7,000க்கும் மேற்பட்ட வழிகளை வரைந்தார்கள். மொத்த நீளம் 1 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. நெடும்பயணப் பாதை ஒன்றை முதலில் வரைந்துவிட்டு ஊர்களை அதில் கோக்காமல், அண்டை ஊர்களுக்கிடையேயான சிறு கண்ணிகளை மட்டும் வரைந்து, நீண்ட பயணத்தை நடப்பவரே அவற்றைக் கோத்து அமைத்துக்கொள்ளும்படி விட்டதே அத்திட்டத்தில் எனக்குப் பிடித்த கூறு.

ஒற்றையடி

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் வரைவது வேலையில் பத்தில் ஒரு பங்குதான் என்பதையும், உங்கள் பூட்டிய கதவுதான் மீதி ஒன்பது பங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் பயன்படுத்திய செயலி எது என்று குறிப்பிடவில்லை. ஆனால் எவரும் சேர்த்துத் திருத்தக்கூடிய, 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் தரவைப் பல செயலிகள் பயன்படுத்துகின்றன. அதில் உள்ள ஒரு புள்ளிக்கோட்டை நடந்து பார்த்தவரும் வரைந்திருக்கலாம், அந்தப் பக்கமே வந்திராத ஒருவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தும் வரைந்திருக்கலாம். வானிலிருந்து பார்க்கும்போது மனிதர் நடந்த தடமும் மாடு நடந்த தடமும் ஒன்றுபோலவே இருக்கும். (தமிழில் இரண்டையுமே கால்நடை என்று சொல்லி முன்கூட்டியே எச்சரித்து வைத்திருக்கிறார்கள்.) பாதை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அதில் பொதுமக்கள் போகலாமா என்பது வேறொரு கேள்வி. வரைபடத்தில் இரண்டாவதற்கு 'அணுகல்' என்று தனிக் குறிப்பு உண்டு. அது வெற்றாக இருந்தால் அனுமதி உண்டு என்று பொருளன்று. யாரும் நிரப்பவில்லை என்றே பொருள்.

உரிமை என்பது நாட்டுக்கு நாடு மாறுவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1949ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிவைத்த முறைப்படி பொது நடைவழிகள் அதிகாரபூர்வமான வரைபடத்தில் பதியப்படுகின்றன. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுமக்கள் ஒரு வழியை அனுமதி கேட்காமலும் ஒளிவுமறைவின்றியும் 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்படுத்தி வந்திருந்தால், நிலத்தவருக்கு அதைப் பொதுவழியாக விடும் நோக்கம் இருக்கவில்லை என்று சான்று காட்டப்படாதவரை, அது பொதுவழியாக விடப்பட்டதாகவே கொள்ளப்படும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடக்கும் உரிமையைத் தருகிறது. சுவிட்சர்லாந்தின் 1985ஆம் ஆண்டு நடைவழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், திட்டத்தில் உள்ள ஒரு நடைவழி எடுக்கப்பட்டாலோ, அதன் நெடுந்தொலைவு நடப்பதற்கு ஒவ்வாத தளம் போட்டு மூடப்பட்டாலோ, ஈடாக வேறு வழி அமைக்கப்பட வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இவற்றில் எதைப் போன்றது என்பதை நிலப்பதிவு அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கோட்டை இறுதி செய்யுங்கள். பழைய நில அளவை வரைபடங்களில் பொதுவழியாகக் குறிக்கப்பட்டு, இப்போது புதர் மூடிக் கிடக்கும் தடங்கள் சில கிடைக்கக்கூடும். அவை புதையலுக்குச் சமம்.

களத்தில் செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது ஒன்று உண்டு: ஒவ்வொரு வழியையும் இரு திசைகளிலும் நடந்து பார்ப்பது. போகும்போது இரண்டு தடங்கள் வந்து ஒன்றாகச் சேரும் இடத்தை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள், ஏனென்றால் அங்கே முடிவெடுக்க ஒன்றுமில்லை. திரும்பி வருபவருக்கோ அதே இடம் கவடாகப் பிரிந்து, எந்தப் பக்கம் போவது என்று திகைக்க வைக்கும். ஒரு திசையில் மட்டும் நடந்து எழுதிய வழிக்குறிப்பைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளலாம் என்று நம்பி, நான் ஒருமுறை ஒரு குழுவையே கரும்புக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அதேபோல, வறண்ட காலத்தில் பார்த்த தரைப்பாலத்தை மழைக்காலத்திலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

நிதானநடை

மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் இருவரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். ஒருவர் நடந்த நேரத்தைச் சொல்கிறார், மற்றவர் வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் சேர்ந்த நேரத்தைச் சொல்கிறார்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன எளிய விதி இன்றும் பயன்படுகிறது. அதன் வழக்கமான மெட்ரிக் வடிவம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் 14 கிலோமீட்டர் வழியில் மொத்த ஏற்றம் 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 2 மணி 48 நிமிடத்தோடு 30 நிமிடம் சேர்ந்து 3 மணி 18 நிமிடம் ஆகிறது. இது இளைப்பாறாமல், வழி தேடாமல், நல்ல உடல்வலு உள்ளவர் நடக்கும் கணக்கு. சுவிட்சர்லாந்தின் மஞ்சள் நிற வழிகாட்டிப் பலகைகள் தொலைவை விடுத்து நேரத்தையே காட்டுபவை. அவற்றுக்குச் சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று கொள்கிறார்கள், இளைப்பாறும் நேரம் அதில் சேராது. அந்த வேகத்தில் ஏற்றமே இல்லாவிட்டாலும் 14 கிலோமீட்டருக்கு 3 மணி 20 நிமிடம் ஆகும். மணிக்குப் பத்து நிமிடம் உட்காருபவரும், கவட்டுப் பாதைகளில் நின்று படம் பார்ப்பவரும் 5 மணி நேரத்தைத் தொடுவதில் வியப்பில்லை.

எனவே வழிக்குறிப்பில் 'இளைப்பாறும் நேரம் நீங்கலாக' என்று தெளிவாக எழுதி, எந்த வேகத்தைக் கொண்டு கணக்கிட்டீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். போகும் ஏற்றமும் வரும் ஏற்றமும் வேறுபடுவதால் இரண்டு திசைகளுக்கும் தனித்தனி நேரம் வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: கைபேசி பதிவு செய்யும் உயரத்தை அப்படியே நம்பாதீர்கள். செயற்கைக்கோள் அளவீட்டில் உள்ள சிறு நடுக்கங்கள் எல்லாம் ஏற்றமாகக் கூட்டப்பட்டு, சமதள நடையிலும் நூறு மீட்டர் ஏறியதாகக் காட்டிவிடும். உயர வரைபடத்திலிருந்து எடுத்த எண்ணே நம்பகமானது.

தொலைவைப் பொறுத்தவரை, ஒரே மூச்சில் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, உட்கார இடமும் நீரும் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று பாருங்கள். நடப்பதற்கென்றே அமைந்த பழைய சாலைகள் இதை நன்கு அறிந்திருந்தன. ஜப்பானில் எடோவுக்கும் (இன்றைய டோக்கியோ) கியோட்டோவுக்கும் இடையே ஏறத்தாழ 490 கிலோமீட்டர் நீண்ட தொக்காய்தோ சாலையில் 53 தங்கல் நிலையங்கள் இருந்தன. சராசரியாக 9 கிலோமீட்டருக்கு ஒன்று. அதற்கிடையில், 1604இல் பிறந்த ஆணைப்படி ஒவ்வொரு 'ரி' தொலைவுக்கும், அதாவது சுமார் 3.9 கிலோமீட்டருக்கும், மண்மேடு எழுப்பி அதன்மேல் மரம் நட்டார்கள். தொலைவுக்கு அடையாளமும் அதுவே, நிழலும் அதுவே.

நிழல்மரம்

முக்கோணம் அவர்கள் சொன்ன முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. அது இரண்டு ஊர்களுக்கு ஒரே ஒரு கோடுதான் என்று எண்ண வைக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு நேர்வழி வேண்டும். குழந்தையோடு போகிறவருக்கு 2 கிலோமீட்டர் கூடினாலும் வண்டி வராத கால்வாய்க் கரை வேண்டும். சக்கர நாற்காலியில் செல்பவருக்குப் படிக்கட்டும் குறுகிய திருகு வாயிலும் இல்லாத வழி வேண்டும். இந்த மூன்றையும் சமரசம் செய்து ஒரே வழியாக்கினால் அது மூவருக்குமே உதவாமல் போகும். ஒரே இணைக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டு வழிகளை வைத்துக்கொள்வதே முறை. படி, வாயில், சேறு, தளத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொன்றிலும் குறித்துவிட்டால், எது தமக்கு ஏற்றது என்று நடப்பவரே முடிவு செய்துகொள்வார்.

எவ்வளவு முயன்றாலும் சில நூறு மீட்டர் தொலைவுக்குச் சாலையோரம் நடந்தே ஆக வேண்டிய இடங்கள் வரும். ஊர்ப்பகுதிக்கு வெளியே சாலைத் தளத்தில் நடப்பவர்கள் வண்டிகள் எதிரே வரும் பக்கமாகவே நடக்க வேண்டும் என்று 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சொல்கிறது. அப்படி நடப்பதே ஆபத்தாகும் இடங்களுக்கு அதிலேயே விலக்கும் உண்டு. பார்வை மறையும் வளைவுகள் அத்தகைய இடங்கள் என்பதால், எந்த வளைவுக்கு முன்னால் எந்தப் பக்கம் மாற வேண்டும் என்பதை வழிக்குறிப்பில் இடம் சுட்டி எழுதுங்கள். 'கவனமாகச் செல்லவும்' என்று மட்டும் எழுதுவது எழுதியவரின் மனநிறைவுக்குத்தான் பயன்படும்.

மைல்கல்

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து இரண்டு சல்லடைகளையும் போட்டுப் பார்த்தோம். 190 கோடுகள் 29 ஆகக் குறைந்தன. அவற்றில் 4 கோடுகள் பாலமில்லாத இடத்தில் ஆற்றைக் கடந்ததால் நீக்கிவிட்டோம். ஆனால் சல்லடை நீக்கிய ஒரு கோட்டை மீண்டும் சேர்த்திருக்கிறோம். இடையில் மூன்றாவது ஊர் இருந்தும், அந்த ஊர் வழியாகப் போக நெடுஞ்சாலையைத் தவிர வேறு தடம் இல்லை. இது சரிதானா? பூட்டிய கதவு இருந்த வழியை அடுத்த வாரம் எதிர்த்திசையிலிருந்து நடந்து பார்க்க இருக்கிறோம்.

ஒற்றையடி

மீண்டும் சேர்த்தது சரியே. எதிர்த்திசை நடையில், எங்கெங்கே திரும்பினீர்கள் என்பதோடு எங்கெங்கே நின்று யோசித்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; வழிக்குறிப்பில் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டிய இடங்கள் அவைதாம். கதவைப் பொறுத்தவரை, சாவி யாரிடம் இருக்கிறது என்று இரு பக்கத்து ஊர்களிலும் கேளுங்கள். ஆடுமாடு உள்ளே புகாமல் இருக்கப் போட்ட பூட்டாக இருந்தால், பக்கத்தில் ஆள் மட்டும் நுழையும்படி ஒரு சந்து விட நிலத்துக்காரர் இசைவதும் உண்டு. இசையாவிட்டால் அந்தக் கோட்டை நீக்கிவிட்டு, கதவுக்கு முன்பே பிரியும் தடம் ஏதேனும் உண்டா என்று தேடுங்கள்.