புதுப்பிப்பு: பினாங்கு போய் வந்தோம், அம்மாவுக்குக் கடல் பிடித்துவிட்டது

முட்டிவலி உள்ள அம்மாவோடு மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறோம், கடற்கரை ரிசார்ட்டில் தங்குவதா ஜார்ஜ்டவுன் நகரத்திலா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பத்து பெரிங்கி கடற்கரை என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மூன்று இரவும் அங்கேதான்.

காலையில் அம்மா சேலையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையோரமாக நடந்தார். ஈர மணல் இறுகிக் கிடந்ததால் முட்டி வலிக்கவில்லை. ஜெல்லிமீன் பயத்தால் பிள்ளைகளைக் கடலில் இறக்கவில்லை, நீச்சல்குளமே போதும்.

அப்புறம் சாப்பாடு. 101 பேருந்தில் ஜார்ஜ்டவுன் போனோம். சோறும் குழம்பும் தரும் நாசி கண்டார் கடையில் 'பஞ்சிர்' (வெள்ளம்) என்று கேளுங்கள்: மீன், கோழி, ஆட்டுக் குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி, சோறு மூழ்கும் வரை தருவார்கள். கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித்தடி. நம் தமிழ் முஸ்லிம்கள் அதில் சோறும் குழம்பும் தூக்கி விற்ற காலத்துப் பெயர். இதைச் சொன்னதும் அம்மா இன்னொரு கரண்டிக் குழம்பு கேட்டார்!

ஆசாம் லக்சா என்ற நூடுல்ஸைத் தவறவிடாதீர்கள். புளியும் மீனும் சேர்ந்த அந்தச் சாறு நம் மீன்குழம்புக்குத் தூரத்துச் சொந்தம். வெயிலுக்குச் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் ஐஸ் இனிப்பு.

ரிசார்ட் இரவுச் சாப்பாடு சுமார்தான், விலையும் அதிகம். காலை உணவு மட்டும் சேர்த்து அறை எடுங்கள்.