ஸ்க்ரிப்ட் ஃபான்ட்ல எழுத்து ஒட்டாம பிரிஞ்சு நிக்குது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க

கோணல்கோடு:
வணக்கம் மக்களே. பேனால சும்மா கிறுக்கின மாதிரி ஒரு ஸ்க்ரிப்ட் ஃபான்ட் எடுத்து இல்லஸ்ட்ரேட்டர்ல (அடோபி வரையற சாஃப்ட்வேர்) லோகோ போட்டுட்டு இருக்கேன், ப்ரிவ்யூல எல்லா எழுத்தும் கோத்து விட்ட மாதிரி சேந்து இருக்கு, நான் டைப் பண்ணா மட்டும் ‘ஓ’வுக்கும் ‘ஆர்’க்கும் நடுவுல முடி அளவு கேப் விழுது. போதாக்குறைக்கு சுத்தி வெள்ளை ஸ்ட்ரோக் (ஓரக்கோடு) குடுத்தா ஒட்டியிருக்கற எழுத்துங்க நடுவுலயும் குறுக்க கோடு ஓடுது. ட்ராக்கிங் (எல்லா எழுத்துக்கும் நடுவுல பொதுவா விடற இடைவெளி) 20 வச்சிருக்கேன், கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்னு. ஃபான்ட்டே கோளாறா?

மைக்கூடு:
ஃபான்ட் பாவம், விட்டுடுங்க ப்ரோ. ட்ராக்கிங்க 0 ஆக்குங்க. 20ன்னா எழுத்து சைஸ்ல 1000ல 20 பங்கு, 100 பாயின்ட் எழுத்துக்கு 2 பாயின்ட் இடைவெளி, வால் நுனி அடுத்த எழுத்த போய் தொடறதுக்கு வரைஞ்சு வச்ச ஃபான்ட்ல அது ரொம்ப ஜாஸ்தி. அப்புறம் கேரக்டர் பேனல்ல கெர்னிங் (ஜோடி ஜோடியா எழுத்துக்கு நடுவுல வைக்கற இடைவெளி) ‘ஆப்டிகல்’னு இருந்தா ‘ஆட்டோ’ போடுங்க. ஆப்டிகல்னா ஃபான்ட் செஞ்சவர் வச்ச அளவ மதிக்காம சாஃப்ட்வேரே உருவத்த பாத்து இடைவெளி போட்டுக்கும்.

கோணல்கோடு:
ட்ராக்கிங் 0 போட்டும் லேசா இருந்துச்சு, ஆப்டிகல மாத்தினதும் ஒட்டிக்கிச்சு!! குறுக்குக் கோடு மட்டும் போகல.

தூரிகை:
போகாது. ஒவ்வொரு எழுத்தும் தனி ஷேப், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. டெக்ஸ்ட ஒரு காப்பி பத்திரமா வச்சுட்டு (பின்னாடி ஸ்பெல்லிங் மாத்தச் சொல்லுவாங்க, எழுதி வச்சுக்கோங்க) கிரியேட் அவுட்லைன்ஸ் குடுத்து டெக்ஸ்ட ஷேப்பா மாத்துங்க, பாத்ஃபைண்டர் பேனல்ல யுனைட் குடுத்து எல்லாத்தையும் ஒரே ஷேப்பா ஆக்குங்க, அதுக்கப்புறம் ஸ்ட்ரோக். வினைல் கட்டிங்குக்கு (மெஷின்ல ஸ்டிக்கர் ஷீட் வெட்டறது) போறதுன்னா இத செஞ்சே ஆகணும், இல்லன்னா பிளேடு அந்த ஓவர்லேப்பையும் சேத்து வெட்டிடும். கட்டிங் சாஃப்ட்வேர்ல இதையே வெல்ட்னு போட்டிருக்கும்.

மைக்கூடு:
இன்னொண்ணு, டபுள் ‘டி’ வர்ற இடத்துல ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தா கையெழுத்துன்னு யாரும் நம்ப மாட்டாங்க. ஓப்பன்டைப் பேனல்ல கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட்ஸ் ஆன் பண்ணுங்க, ஃபான்ட்ல மாத்து எழுத்து இருந்தா தானா மாறி வரும். கேவியட் (Caveat) ஃபான்ட்ல அந்த வசதி இருக்கு, ஃப்ரீ தான், போட்டுப் பாருங்க. இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே, 1953ல, ரோஜர் எக்ஸ்காஃபான்னு ஒரு பிரெஞ்சு டிசைனர் மிஸ்ட்ரல்னு ஒரு ஸ்க்ரிப்ட் ஃபான்ட் செஞ்சாரு, ஈய அச்சுலயே எழுத்து சேந்து ஓடுச்சு, இப்ப பாத்தாலும் எனக்கு பொறாமையா இருக்கும்.

கோணல்கோடு:
சூப்பர், யுனைட் வேலை செஞ்சிடுச்சு. கடைசியா ஒண்ணு, கீழ டேக்லைனும் இதே ஃபான்ட்ல ஃபுல் கேப்பிட்டல்ல வைக்கலாமா?

தூரிகை:
வேணாம் சாமி. ஸ்க்ரிப்ட்ல கேப்பிட்டல் வார்த்தைய ஆரம்பிக்கறதுக்கு மட்டும் வரைஞ்சது, வரிசையா நிக்க வச்சா சுழி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும், படிக்கவே முடியாது. டேக்லைனுக்கு சிம்பிளா ஒரு சான்ஸ் செரிஃப் (எழுத்து நுனில குட்டி கோடு இல்லாத ஃபான்ட்) போடுங்க, அங்க உங்க ட்ராக்கிங் 20 தாராளமா வச்சுக்கலாம்.