பிராக்கெட் மாட்டும்போது ஒரு துளையில் மட்டும் பிளக் சுற்றுகிறது, உதவி தேவை

மரைகழன்றவன்:
வணக்கம். 55 அங்குல டிவியைக் கூடத்துச் சுவரில் மாட்டத் தொடங்கிப் பாதியில் நிற்கிறேன். எடை 16 கிலோ. டிவியின் பின்புறத் துளைகள் 300க்கு 300 மி.மீ. இடைவெளி. பிராக்கெட் சுவரோடு ஒட்டி நிற்கும் சாதாரண வகை. அதனுடன் வந்த பிளக் (திருகைப் பிடிக்கச் சுவர்த் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) 10 மி.மீ. தடிமன், 5 செ.மீ. நீளம்.

நான்கு துளை போட்டேன். மூன்றில் திருகு நன்றாக இறுகியது, கடைசிச் சுற்றில் மணிக்கட்டு வலித்தது. வலது மேல் துளையில் மட்டும் திருகைத் திருப்பினால் பிளக்கும் கூடவே சுற்றுகிறது. இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. துளையின் வாய் உதிர்ந்து இப்போது சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அகன்றுவிட்டது.

தீக்குச்சிகளைச் செருகி இறுக்கச் சொல்கிறார்கள் வீட்டில். மற்ற மூன்றும் உறுதியாக இருப்பதால் அப்படியே மாட்டிவிடலாமா? டிவி இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

சாய்நாற்காலி:
மூன்று போதும். எங்கள் வீட்டு டிவி மூன்று திருகில்தான் நான்கு வருடமாகத் தொங்குகிறது. நான்காவது துளைக்குள் பசையைப் பீய்ச்சிவிட்டு மறந்துவிட்டேன். டிவி வந்து மறைத்துவிடுகிறது, யார் பார்க்கப் போகிறார்கள்?

கொத்துக்கரண்டி:
யாரும் பார்க்கப் போவதில்லை என்பதுதான் என் பயம்.

தம்பி, தீக்குச்சி வேண்டாம். கதவில், அலமாரியில் துளை பெரிதாகிவிட்டால் குச்சி செருகலாம், மரத்தை மரம் பிடித்துக்கொள்ளும். உதிர்கிற சுவரில் குச்சியை அடித்தால் இன்னும் கொஞ்சம் சுவர் உதிரும், அவ்வளவுதான்.

மூன்றில் மாட்டலாமா என்பது, கெட்டுப்போனது எந்தத் துளை என்பதைப் பொறுத்தது. டிவியின் எடை பிராக்கெட்டின் அடியைச் சுவரோடு அழுத்துகிறது, தலையை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பு முழுவதையும் வாங்குவது மேல் வரிசைத் திருகுகள். உங்களுக்குக் கெட்டிருப்பது மேல் வரிசை. ஒட்டி நிற்கும் வகையில் இழுப்பு குறைவு என்பதால் மாட்டிய அன்றே விழாது. ஆனால் இடது மேல் திருகு தனியாளாக நிற்கும். தூசி துடைக்கிறவர் டிவியின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டும் நாளில்தான் அதன் பலம் தெரியும்.

மருந்து சொல்லும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். அந்தத் துளையில் வந்த தூள் என்ன நிறம்? டிரில்லின் பிட் எப்படி இறங்கியது? பூச்சு எத்தனை கனம்? சிவந்த தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூள் வந்து பிட் நகர மறுத்தால் கான்கிரீட். வெளிர் நிறத்தில் மாவு மாதிரி கொட்டி, பிட் தானாக இறங்கினால் காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகு கல், அதற்குப் பிளக்கே வேறு. கொஞ்சம் போனதும் சட்டென்று வெற்றிடத்தில் விழுந்தால் உள்ளே கூடுள்ள கல்.

மரைகழன்றவன்:
நன்றி அண்ணா. துளைக்கு ஒன்றாகக் கீழே செய்தித்தாள் விரித்துத்தான் போட்டேன், நான்கு தாளும் தூளோடு அப்படியே இருக்கின்றன. மூன்றில் முதலில் சாம்பல், பிறகு நல்ல சிவப்பு. பூச்சு 2 செ.மீ. இருக்கும். வலது மேல் துளையில் கடைசி வரை சாம்பல்தான், நெருநெருவென்று மணலாக. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல இறங்கியது. நான்கிலும் டிரில்லில் சுத்தியல் இயக்கத்தை (சுழன்றபடியே இடிப்பது) போட்டுத்தான் துளைத்தேன்.

கொத்துக்கரண்டி:
இப்போது புரிகிறது. செங்கல் சுவரில் நெருநெருவென்று சாம்பல் தூள் வந்தால் பிட் செங்கல்லைத் தொடவில்லை, இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள கலவையில் இறங்கியிருக்கிறது. அங்கே பிளக் விரிந்தாலும் பிடிக்க ஒன்றும் இல்லை.

அடுத்து, எந்த இணைப்பு? கல் வரிசைகளுக்கு இடையே படுக்கையாக ஓடுவது ஒன்று, ஒரே வரிசையில் அடுத்தடுத்த கற்களுக்கு நடுவே நிற்பது இன்னொன்று. இடது மேல் துளையும் அதே உயரம்தான், அதில் சிவப்பு வந்திருக்கிறது. படுக்கை இணைப்பாக இருந்தால் இரண்டிலும் சாம்பல் வந்திருக்கும். ஆகவே இது நிற்கும் இணைப்பு. பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளிப் போட்டால் கல் கிடைத்துவிடும்.

பூச்சில் சுத்தியல் இயக்கம் வேண்டாம், வாய் உதிர்வது அதனால்தான். வெறும் சுழற்சியில் பூச்சைக் கடந்து, செங்கல் வந்தபின் போட்டுக்கொள்ளுங்கள். பிளக்கையும் மாற்றுங்கள். 5 செ.மீ. பிளக்கில் 2 செ.மீ. பூச்சுக்கே போய்விடுகிறது, பூச்சின் பிடியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 8 செ.மீ. பிளக் வாங்குங்கள். திருகின் நீளம் பிளக், பிராக்கெட்டின் கனம், திருகின் தடிமன் மூன்றும் சேர்ந்த அளவு.

மின்மினி:
ஒரு நிமிடம். புதுத் துளை எதையும் போட வேண்டாம், டிரில்லைக் கீழே வையுங்கள்.

அண்ணன் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் செங்கல் சுவருக்குள் சாம்பல் கலவை இருக்கும் இடம் இன்னொன்றும் உண்டு: சுவரை வெட்டி வயர் பைப்பைப் பதித்து, மேலே பூசி மூடிய வெட்டு. அதிலும் தூள் இதே நிறத்தில்தான் வரும், பிட் இதே சுகத்தில்தான் இறங்கும். தம்பி, டிவிக்கான பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது?

மரைகழன்றவன்:
அக்கா, வயிற்றைக் கலக்குகிறது. பிளக் பாயின்ட் பிராக்கெட்டின் வலது முனைக்குக் கீழே இருக்கிறது. இப்போது நூல் பிடித்துப் பார்த்தேன், அந்தத் துளைக்கு நேர் கீழே, அரை மீட்டர் இறக்கத்தில். வலது கீழ்த் துளை மட்டும் எப்படித் தப்பியது என்று யோசித்தேன். கீழ் வரிசையில் ஓரத் துளையின் வாய் நெளிந்திருந்ததால் 12 செ.மீ. உள்ளே தள்ளி வேறு துளையைப் பயன்படுத்தியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை.

மின்மினி:
நெளிந்த தகரத்துக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

சுவிட்ச் பெட்டியிலிருந்து வயர் பெரும்பாலும் நேர் மேலே ஏறும், அல்லது நேர் கீழே இறங்கும், அல்லது படுக்கையாகப் போகும். அந்தக் கோடுகளில் இரு பக்கமும் 15 செ.மீ. துளைக்கே இடமில்லை என்று வைத்துக்கொள்வது என் பழக்கம். குறுக்கே ஓட்டிய வீடுகளும் உண்டு, அதனால் இது முழுக் காப்பு அல்ல. சுவருக்குள் மின்சாரத்தைக் காட்டும் கையடக்கக் கருவியையும் நான் முழுக்க நம்ப மாட்டேன்.

மெயின் சுவிட்சை அணையுங்கள். அந்தப் பாயின்ட்டில் ஒரு விளக்கைச் செருகி, எரியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மூடியைக் கழற்றி, பெட்டியின் மேல் பக்கத்தில் பைப் வாய் தெரிகிறதா என்று பாருங்கள். துளைக்குள் டார்ச் அடியுங்கள், ஆணியோ கம்பியோ விட்டுக் கிளற வேண்டாம். அந்த நான்காவது செய்தித்தாளையும் இன்னொரு முறை விரித்து, தூளை விரலால் பரப்பிப் பாருங்கள்.

மரைகழன்றவன்:
மூடியைக் கழற்றினேன். பைப் மேல்நோக்கித்தான் போகிறது. துளைக்குள் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் தாளில், மணலுக்கு நடுவே, வெட்டிய நகத்துண்டு போல வளைந்த சீவல்கள் மூன்று. வெளிர் சாம்பல், பிளாஸ்டிக். தூளும் அதே நிறம் என்பதால் நேற்று கண்ணில் படவே இல்லை.

கொத்துக்கரண்டி:
என் கணக்கு தவறு. தூளை வைத்துச் சுவரைப் படித்தேனே தவிர, சுவரில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்காமல் விட்டுவிட்டேன். 5 செ.மீ. வலப்பக்கமா இடப்பக்கமா என்றுகூட நான் சொல்லவில்லை. மின்மினி, நல்ல நேரத்தில் வந்தீர்கள்.

மின்மினி:
பைப்பின் தோலைப் பிட் சீவியிருக்கிறது. உள்ளே எவ்வளவு போனது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. வயரின் உறை லேசாகக் கிழிந்திருந்தால் இன்றைக்கு எல்லாம் ஒழுங்காக ஓடும், பிறகு ஒருநாள் அந்த இடத்தில் உலோகத் திருகு போய் உட்காரும், திருகின் மேல் பிராக்கெட், அதில் டிவி. அந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றை அணைத்தே வையுங்கள். உரிமம் உள்ள எலக்ட்ரீசியன் வந்து வயரை உருவிப் பார்க்கட்டும், காப்புத்தடையையும் (வயரின் உறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதை) அளக்கட்டும். இதை நீங்களே செய்துபார்க்க வேண்டாம்.

மரைகழன்றவன்:
இன்று வந்து பார்த்துவிட்டார். பைப்பில் அரிசி அளவுக்கு ஒரு ஓட்டை. வயரின் மேலுறையில் கீறல் இருக்கிறது, செம்பு வெளியே தெரியவில்லை. இருந்தாலும் மேலே உள்ள இணைப்புப் பெட்டி வரை அந்த வயரை மாற்றி, அளந்து பார்த்துவிட்டுத்தான் போனார். பைப்பின் உடைந்த இடத்தையும் சரிசெய்தார். துளையைப் பூசி அடைத்தாயிற்று.

இனி பிராக்கெட்டை எங்கே கொண்டுபோவது? 15 செ.மீ. இடப்பக்கம் நகர்த்தினால் கீழே இருக்கும் மர அலமாரிக்கு நடுவில் டிவி வராதே.

கொத்துக்கரண்டி:
அலமாரிக்குக் கால் இருக்கிறது தம்பி, வயர் பைப்புக்கு இல்லை. மொத்தமாக நகர்த்துங்கள். மாட்டிய பிறகு டிவியை பிராக்கெட்டின் மேலேயே இரண்டு பக்கமும் சில செ.மீ. தள்ளலாம், கொக்கிகள் வழுக்கிப் போகும். மீதியை அலமாரி விட்டுக்கொடுக்கட்டும். துளையைப் பிளக்கின் நீளத்தைவிட 1 செ.மீ. ஆழமாகப் போட்டு, உள்ளே இருக்கும் தூளை முழுக்க எடுத்துவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். தூள் தங்கினால் அதுவும் சேர்ந்து சுழலும்.

சாய்நாற்காலி:
குறுக்கே ஒரு கேள்வி. ஒட்டி நிற்கும் வகைக்குப் பதில், கை மாதிரி நீண்டு திரும்பும் பிராக்கெட்டை மாட்டினால் சாப்பாட்டு மேசையிலிருந்தும் பார்க்கலாமே? நானும் மாற்றலாம் என்று இருக்கிறேன்.

கொத்துக்கரண்டி:
உங்கள் மூன்று திருகிலா? தயவுசெய்து வேண்டாம்.

இதே 16 கிலோவைச் சுவரிலிருந்து 50 செ.மீ. வெளியே நீட்டி, மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் 20 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 16ஐ 50ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 40. டிவியின் எடை தவிர மேல் வரிசையை 40 கிலோ அளவுக்கு எந்நேரமும் வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். ஒட்டி நிற்கும்போது எடையின் மையம் சுவரிலிருந்து 5 செ.மீ. என்றால் அதே கணக்கில் 4 கிலோதான் வரும். முதலில் அந்தப் பசை போட்ட துளையைச் சரிசெய்யுங்கள். உங்கள் பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள்.

சாய்நாற்காலி:
பார்த்தேன். இடது பக்கம், தூரத்தில். இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவேன். நான்காவது திருகையும் போட்டுவிடுகிறேன்.

மரைகழன்றவன்:
மாட்டியாயிற்று. நான்கு துளையிலும் சிவப்புத் தூள், நான்கு தாளையும் விரலால் பரப்பிப் பார்த்தேன், சீவல் இல்லை. டிவியை மாட்டும் முன் பிராக்கெட்டைப் பிடித்து என் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. டிவியின் நடு, தரையிலிருந்து 105 செ.மீ. சோபாவில் உட்கார்ந்தால் கண் நேராக அங்கேதான் போகிறது. பின்புறத் திருகுகளை முதலில் விரலாலேயே சுற்றி, நேராகப் போகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்கினேன். தூக்கியது இரண்டு பேர்.

ஒரே குறை. எச்டிஎம்ஐ வயரைச் செருகும் இடம் இப்போது சுவரை முட்டிக்கொண்டிருக்கிறது, விரல் நுழையவில்லை.

மின்மினி:
செங்கோணத்தில் வளைந்த இணைப்பான் கிடைக்கும், அதைப் போடுங்கள். வயரை மடக்கித் திணிக்க வேண்டாம். ஒருமுறை டிவியைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றும்போதே எல்லா வயரையும் செருகிவிடுங்கள், அப்படியே அந்தப் பைப் போகும் கோட்டையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

மரைகழன்றவன்:
இரண்டும் செய்தேன். ஆனால் டிவி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அம்மா விடாமல் சொன்னார். மூன்று முறை ரசமட்டம் வைத்தேன், குமிழி நடுவில்தான் நின்றது. சந்தேகத்தில் ரசமட்டத்தைக் கீழே இருக்கும் அலமாரியின் மேல் வைத்தால் குமிழி ஓடிப்போய் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடமும் சாய்ந்திருந்தது அதுதான். வலது காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தேன், டிவி நேராகிவிட்டது.

கொத்துக்கரண்டி:
அலமாரி செய்தவர் தச்சர், கொத்தனார் அல்ல என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.