கம்பெனி கமாண்டர் மீதான குறையை எங்கே சொல்வது?

நாயக், காலாட்படை: எங்கள் கம்பெனி கமாண்டர் விடுப்பு விண்ணப்பங்களைக் கையெழுத்திடாமல் மேசையிலேயே போட்டுவைக்கிறார். தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு ஜவான், தாலி கட்டி முடிந்த பிறகுதான் ஊர் போய்ச் சேர்ந்தான். சைனிக் சம்மேளனத்தில், அதாவது படைப்பிரிவில் எல்லோரும் கூடும் கூட்டத்தில், எழுந்து சொல்லிவிடலாமா?

ஓய்வுபெற்ற சுபேதார்: அங்கே வேண்டாம் தம்பி. அத்தனை பேர் முன்னால் அதிகாரியின் பெயரை எடுத்தால், பேச்சு விடுப்பை விட்டு உங்கள் ஒழுங்குக்குத் தாவிவிடும். முதலில் கம்பெனியின் சீனியர் ஜேசிஓ (இளநிலை ஆணை அதிகாரி), பிறகு பட்டாலியனின் மூத்த ஜேசிஓவான சுபேதார் மேஜர். பட்டாலியன் தலைவரான கமாண்டிங் ஆபீசரிடம் நேரே பேசக்கூடியவர் அவர். விண்ணப்பித்த தேதி, கேட்ட தேதி, கிடைத்த தேதி, இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். "மனிதாபிமானமே இல்லாதவர்" என்றெல்லாம் எழுதாதீர்கள். எத்தனையோ நியாயமான மனுக்கள் அப்படி ஒரு வரியால் கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் கிளார்க் ஹவில்தார்: 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 26ஆவது பிரிவைப் படியுங்கள். யாரிடம் மனுக் கொடுக்க வேண்டுமோ அவர் மீதே குறை என்றால், அவருக்கு அடுத்த மேலதிகாரியிடம் கொடுக்கலாம். கூட்டாகக் கையெழுத்து வாங்காதீர்கள். பாதிக்கப்பட்டவரே தம் பெயரில் எழுதட்டும். தெரிந்தே பொய் சொன்னால் 56ஆவது பிரிவு பாயும்.

நாயக்: நன்றி ஐயா. அந்த ஜவானையே எழுதச் சொல்கிறேன். நாளை சீனியர் ஜேசிஓவைப் பார்க்கிறோம்.