கடாமெஸ்: ஊற்றிலிருந்து ஊரைப் பாருங்கள்

லிபியாவின் மேற்கு மூலையில், துனிசியா, அல்ஜீரியா எல்லைகள் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கடாமெஸ். திரிப்போலியிலிருந்து சாலை வழியாகச் சுமார் 600 கி.மீ. பழைய ஊருக்குள் நுழைந்ததும் சந்துகளில் அலையாமல் முதலில் ஐன் அல்-ஃபரஸ் ஊற்றுக்குப் போங்கள். வாய்க்கால், பேரீச்சந்தோட்டம், வீடுகள் எல்லாம் அமைந்த ஒழுங்கு அங்கே நின்றால்தான் பிடிபடும்.

ஊற்றுநீர் தோட்டங்களுக்கு முறை வைத்துப் பாய்ந்தது. அதற்குக் கடிகாரம் காதூஸ் என்ற, அடியில் துளையிட்ட சிறு பாத்திரம். வாய்க்கால் நீரால் நிரப்பித் தொங்கவிட்டால் ஒழுகித் தீரச் சுமார் 3 நிமிடம். தீர்ந்ததும் பேரீச்ச ஓலையில் ஒரு முடிச்சு, உடனே அடுத்த நிரப்பு. இன்ன தோட்டத்துக்கு இத்தனை காதூஸ் என்பதுதான் உரிமை. துளையில் தூசி அடைத்தால் ஒருவருக்குக் கூடுதலாகப் பாயும், அடுத்தவர் முறை தள்ளிப்போகும். அதனால் கணக்கு வைப்பவர் கண்ணை எடுக்கவே முடியாது.

* * *

ஊற்றோடு ஒரு கதையும் சேர்த்துச் சொல்வார்கள்: அரபுத் தளபதி உக்பா இப்னு நாஃபியின் குதிரை குளம்பால் கிளறியபோது நீர் பொங்கியதாம். காலக்கணக்கு ஒத்துவராது. உக்பா வந்தது 7ஆம் நூற்றாண்டில். கி.மு. 19இல் ரோமில் வெற்றி விழா கொண்டாடிய ரோமத் தளபதி கார்னீலியஸ் பால்பஸ் பிடித்த ஊர்களில் இதையும் சிடாமஸ் என்ற பெயரில் சேர்த்திருக்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. இந்தப் பாலையில் தண்ணீர் இல்லாமல் ஊர் ஏது? ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் மூன்றாம் அகஸ்டா என்ற ரோமப் படையணியின் காவல் இங்கே இருந்தது. சகாராவைக் கடக்கும் வணிகப் பாதையில் நீர் கிடைக்கும் இடத்தைக் கையில் வைப்பதுதான் அதன் பயன்.

* * *

வீடுகளைப் பார்க்கும்போது அண்ணாந்து கூரையைக் கவனியுங்கள். பேரீச்ச மரத்துண்டு, அதன்மேல் மட்டை, ஓலை, பிறகு மண். கீழ்த்தளம் சரக்குக்கு, நடுவில் கூடம், மாடியில் சமையல். வெளிச்சம் கூரைத் துளை வழியாகத்தான். தெருக்களும் மூடியவை, ஆண்கள் கீழே நடக்க, பெண்கள் மொட்டைமாடி வழியாகவே வீட்டுக்கு வீடு போனார்கள்.

இந்தக் கட்டடத்துக்கு வெயில் பகையே இல்லை, மழைதான் பகை. சுண்ணாம்புப் பூச்சில் விரிசல் விட்டால் நீர் இறங்கி மண்செங்கல் கரையும், மரம் உளுக்கும், கூரை உட்காரும். மக்கள் புதிய ஊருக்குக் குடிபோன பிறகு வருடாந்தரப் பூச்சு பல வீடுகளில் நின்றுபோனது. 1986இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர், 2016இல் அழியும் ஆபத்தில் உள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலுக்கும் போனது. 2025இல்தான் அதிலிருந்து மீண்டது. ஈரக்கறை தெரியும் கூரைக்கடியில் நிற்காதீர்கள், மாடியில் ஓரச் சுவரில் சாயாதீர்கள்.