நீலச் சாயம் வெளுத்துப் பச்சையாக நின்றுவிட்டது: வீட்டிலேயே அகற்ற வழி உண்டா?

கயல்விழி

வணக்கம். இடுப்பளவு நீளமுள்ள என் முடியின் கீழ்ப்பாதியை ஓர் அழகு நிலையத்தில் பிளீச் செய்து, அதன்மேல் நீலச் சாயம் பூசிக்கொண்டேன். சில வாரங்களில் நீலம் வெளுத்துவிட்டது. பாசிப் பச்சை மட்டும் எந்த ஷாம்புவுக்கும் அசையாமல் நிற்கிறது. எலுமிச்சைச் சாற்றையும் சமையல் சோடாவையும் கலந்து தேய்த்ததில் முடி வறண்டதே தவிர நிறம் குறையவில்லை. அடுத்த மாதம் அக்காவுக்குத் திருமணம். மறுபடியும் பிளீச் செய்யலாமா, அல்லது கறுப்புச் சாயத்தால் மூடிவிடலாமா?

பொன்மணி

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம், கயல்விழி. ஏற்கெனவே பிளீச் கண்ட முடியில் நீல, பச்சைச் சாயங்களின் மேல் மீண்டும் பிளீச் வைத்தால், நிறம் போவதற்கு முன் முடி அறுந்துபோகும் வாய்ப்பே அதிகம். கறுப்புச் சாயம் அன்றைக்கு மூடிவிடும். ஆனால் பிளீச் செய்த முடியில் அது திட்டுத்திட்டாக வெளுக்கும், வெளுக்கும்போது பச்சை மறுபடியும் எட்டிப் பார்க்கும். எலுமிச்சை அமிலம், சமையல் சோடா காரம். இரண்டையும் கலந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு நுரைதான் மிஞ்சும். எத்தனை குறிப்புகளில் இதைப் படித்துவிட்டேன்!

இரண்டு விவரங்கள் தேவை. நீலச் சாயத்தை டெவலப்பர் எனப்படும் பெராக்சைடு திரவத்துடன் கலந்து பூசினார்களா, டப்பாவிலிருந்து எடுத்து நேரடியாகவா? பிளீச் செய்வதற்கு முன் தலையில் வேறு என்ன போட்டுவந்தீர்கள்?

கயல்விழி

டப்பாவிலிருந்து நேரடியாகத்தான் பூசினார்கள் அக்கா. அதற்கு முன் நெடுநாள் வீட்டில் மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் போட்டுவந்தேன். நிறமும் ஒரே சீராக இல்லை. மேல்பகுதி வெளிர் பச்சை, நுனியை நோக்கிச் செல்லச் செல்லக் கரும்பச்சை.

பொன்மணி

அப்படியானால் உங்கள் தலையில் இருப்பவை இரண்டு வேறு பச்சைகள் என்று நினைக்கிறேன். பிளீச் செய்த முடியின் அடிநிறம் மஞ்சள். அதன்மேல் நீலம் வெளுத்தால் பச்சையாகத் தெரியும். மேல்பகுதியில் நடந்திருப்பது இதுதான். நேரடிச் சாயம் முடியின் புரதத்தோடு உறுதியாகப் பிணைவதில்லை என்பதால், அதைப் பொறுமையாக இளக்கி எடுக்கலாம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் சி மாத்திரைகளை நன்றாகப் பொடித்து, ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு பொடுகு நீக்கும் ஷாம்பு என்று குழைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த முடியில், தலைத்தோலில் படாமல் பூசி, பிளாஸ்டிக் உறையால் மூடி, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விட்டு அலசுங்கள். நுரை பச்சையாக வழிந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். தோலில் புண்ணோ கீறலோ இருந்தால் எரியும். கண்ணில் படவே கூடாது. முதல் நாள் இரவே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. அது முடிக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கும். அலசியபின் கண்டிஷனர் கட்டாயம். மீண்டும் செய்வதானால் நடுவில் சில நாள் இடைவெளி விடுங்கள்.

முழுத் தலைக்கும் போகுமுன் உள்பக்கத்து ஒரு சிறு கற்றையில் செய்து பாருங்கள்.

கயல்விழி

மிக்க நன்றி அக்கா. நீங்கள் சொன்னபடியே நடந்தது. மேல்பகுதியில் பச்சை கழன்று வெளிர் மஞ்சள் வந்துவிட்டது. ஆனால் நுனிப்பகுதி துளிகூட மாறவில்லை. எங்கள் ஊர் திருப்பூர். பக்கத்து வீட்டு அண்ணன் தன் சாயப்பட்டறையிலிருந்து, துணியில் சாயம் உரிக்கும் ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் கொண்டுவந்து தருவதாகவும், அதில் எந்தச் சாயமும் உரிந்துவிடும் என்றும் சொல்கிறார். முயலலாமா?

சாயப்பட்டறை

தயவுசெய்து வேண்டாம், தங்கச்சி. நான் துணிச்சாயத் தொழிலில் இருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நுனியில் நிற்பது அவுரி, அதாவது நீங்கள் போட்டிருக்கும் ஜீன்ஸிலும் உள்ள அதே இண்டிகோ. அது நீரில் கரையாது. இலையில் நிறமற்ற வேறொரு பொருளாக இருப்பது, பொடியை நீரில் குழைத்ததும் மாறத் தொடங்கி, முடிக்குள் சென்றபின் காற்றுப் பட்டு நீலமாக உறைந்துவிடுகிறது. பிளீச் செய்யும்போது கூடவே இருந்த மருதாணியின் செம்மையும் முடியின் சொந்தக் கருமையும் குறைந்து மஞ்சள் வெளிப்பட, எஞ்சிய இண்டிகோ அதன்மேல் பச்சையாகத் தெரிகிறது. ஷாம்புவும் வைட்டமின் சியும் அதை அசைக்காததில் வியப்பில்லை.

ஹைட்ரோஸ் இண்டிகோவைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பட்டறையில் அதைக் காஸ்டிக் சோடாவோடு, சூட்டில், பருத்தியின் மேல் பயன்படுத்துகிறோம். பருத்தி அதைத் தாங்கும், கம்பளி தாங்காது. சூடான காஸ்டிக் கரைசலில் கம்பளி கரைந்தே போகும். உங்கள் முடியும் கம்பளியைப் போலவே கெரட்டின் என்ற புரதம். காஸ்டிக் இல்லாமல் ஹைட்ரோஸை மட்டும் போட்டாலும், சாயம் முழுதாக அலசி வெளியேறாவிட்டால் காற்றுப் பட்டதும் மறுபடி நீலமாகிவிடும். போதாக்குறைக்கு, ஈரம் பட்ட ஹைட்ரோஸ் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள். மூச்சைத் திணறவைக்கும் கந்தக வாயுவும் வெளிவரும். அதை வீட்டுக் குளியலறைக்குக் கொண்டுவருவதாகச் சொல்லும் அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்துக்கும் இதே பதில்தான்.

பொன்மணி

ஐயா சொன்னதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். நுனியில் நிறத்தை எடுக்க முயலாமல் முறியுங்கள். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு. கலப்படமற்ற மருதாணியை நுனிப்பகுதியில் மட்டும் பூசினால் அதன் செம்மை பச்சையோடு சேர்ந்து பழுப்பாகும். இங்கும் முதலில் ஒரு சிறு கற்றைதான்: அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் துடைத்துப் பார்த்து, எப்போது பழுப்பு வருகிறதோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு மருதாணி என்று விற்கும் பொட்டலங்களில் பிபிடி என்ற வேதிச்சாயம் கலந்திருக்கக்கூடும், அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும் என்பதால் அவற்றைத் தொடாதீர்கள்.

மேல்பகுதிக்கு மருதாணி போடாதீர்கள். வெளிர் மஞ்சளில் அது பளீரென்ற ஆரஞ்சாகிவிடும். டெவலப்பர் தேவைப்படாத பழுப்புச் சாயம் போதும். அதிலும் செம்பு கலந்த பழுப்பாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் செம்மையில்லாத சாம்பல் பழுப்பு மஞ்சள் அடிநிறத்தின் மேல் மறுபடியும் பச்சை காட்டும்.

கயல்விழி

செய்து பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம்: திருமணம் முடிந்தபின் இந்த நுனியை மறுபடி பிளீச் செய்து வேறு நிறம் போட முடியுமா?

பொன்மணி

அவுரி இருக்கும்வரை அது பச்சைக்குத்தான் திரும்பும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முடி வளரும். அந்த அளவுக்கு நுனியை அவ்வப்போது வெட்டி வாருங்கள். எந்த அழகு நிலையத்துக்குப் போனாலும் மருதாணியும் அவுரியும் போட்டதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொட்டலத்தில் உலோக உப்பு கலந்திருந்தால், பெராக்சைடு பட்டதும் முடி சூடேறிப் புகையும். முன்கூட்டியே தெரிந்தால்தான் அவர்கள் ஒரு கற்றையை வெட்டி எடுத்துச் சோதித்துப் பார்க்க முடியும்.