பிரெஞ்சு டிஃபென்ஸில் என் டி4 சிப்பாய் ஏன் விழுகிறது?

கேள்வி (தண்டையார்பேட்டை):
வணக்கம். சதுரங்கத்தில் வெள்ளையின் ஈ4-க்குக் கருப்பு ஈ6 என்று பதில் ஆடும் தொடக்கமான பிரெஞ்சு டிஃபென்ஸுக்கு எதிராக, வெள்ளை ஆடும் நான் மூன்றாவது நகர்த்தலிலேயே சிப்பாயை ஈ5-க்குத் தள்ளிவிடுவேன். சி3, டி4, ஈ5 என்று சிப்பாய்கள் சங்கிலியாக நிற்கும்போது பலகை என் கையில் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் பெரம்பூரில் ஞாயிறுதோறும் நண்பர்களுடன் ஆடும்போது, கருப்பு ராணி பி6-க்கு வந்தபின் மந்திரியை (பிஷப்) டி3-இல் வைத்தால் டி4 சிப்பாயை இழந்துவிடுகிறேன். கருப்பு அதை வெட்டினால் அதன் ராணியைப் பிடிக்கலாம் என்ற கணக்கு எங்கே பிசகுகிறது?

பதில் (வியாசர்பாடி):
ஐயா, அந்தக் கணக்கு ஒரே ஒரு நகர்த்தலுக்குத்தான் செல்லும். கருப்பின் சி5 சிப்பாயும் உங்கள் சி3 சிப்பாயும் டி4-இல் வெட்டிக்கொண்டதும் கருப்பு அவசரப்பட்டுக் குதிரையால் எடுத்தால், குதிரைகள் மாறி ராணி டி4-இல் வந்து நிற்கும்; மந்திரி பி5-இல் செக் கொடுக்க, ராணி உங்களுடையது. கருப்பு முதலில் மந்திரியை டி7-இல் வைத்துவிட்டால் அந்தச் செக்கே கிடையாது.

இதைவிட முக்கியமானது சிப்பாய் அமைப்பு. சி3 சிப்பாய் டி4-க்கு வந்துவிட்டால் அதைத் தாங்க வேறு சிப்பாய் இல்லை. கருப்போ சி6 குதிரை, பி6 ராணி, ஈ7 வழியாக எஃப்5-க்கு வரும் இன்னொரு குதிரை என மூன்று காய்களை அதன்மேல் குவிக்கிறது. டி3-இல் நிற்கும் மந்திரி உங்கள் ராணியின் பார்வையையே மறைத்துவிடுகிறது. அதை ஈ2-இல் வைத்து, பி1 குதிரையை ஏ3 வழியாக சி2-க்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வியாளர்:
மிக்க நன்றி. சிப்பாயால் ஏ3 ஆடிவிட்டு பி4 தள்ள நினைத்தால், எதிராளி உடனே சி4 என்று அடைத்துவிடுகிறாரே?

பதில் (ராயபுரம்):
அது உங்களுக்கு நல்லதே என்பது என் கருத்து. சி5 சிப்பாய் முன்னேறிவிட்டால் டி4-இன் மீதான சிப்பாய் அழுத்தம் நீங்கிவிடும். பி3 கட்டம் பலவீனமானாலும், ராஜா பக்கம் நிதானமாகத் தாக்க நேரம் கிடைக்கும். கருப்பு பிறகு எஃப்6 தள்ளிச் சங்கிலியின் தலையை உடைக்கப் பார்க்கும். ஈ5 சிப்பாயால் அதை வெட்டினால் ஈ6 சிப்பாய் பின்தங்கி நிற்கும், ஈ5 கட்டமும் உங்கள் குதிரைக்குக் கிடைக்கும். அதற்கு முன்பே எஃப்1 யானையை ஈ1-இல் வைத்திருப்பது நல்லது.

இந்தச் சங்கிலியில் வெற்றி தானாக வராது. 2024 உலகச் சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் நம் குகேஷ் ஈ5 தள்ளி எஃப்4 சிப்பாயால் தாங்கினார். கருப்பு ஆடிய சீனாவின் டிங் லிரென் ஐந்தாவது நகர்த்தலிலேயே சி5 ஆடி, 42 நகர்த்தல்களில் வென்றார். அந்த ஆட்டத்தைப் பலகையில் ஒருமுறை ஆடிப் பாருங்கள்.